பல் டாக்டர் முதுகுக்கு எழுதிய சீட்டு

தங்கையின் தாடை ஒரு பக்கம் விலகியிருக்கிறது என்பதை முதலில் கண்டது அம்மா. அப்போது தங்கைக்குப் பதினொரு வயது.

நாங்கள் அய்யா வழியைச் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியான வழிபாடான உச்சிப்படிப்புக்கு, எங்கள் கோயிலான நிழல்தாங்கலுக்குப் போவோம். அங்கே சிலை கிடையாது, கண்ணாடி இருக்கும். அதில் தெரிகிற தன்னைத்தான் கும்பிட வேண்டும். கும்பிடுவதற்கு முன் வெள்ளைத் திருமண்ணைக் குழைத்துப் புருவ நடுவிலிருந்து மேலே ஒரே இழுப்பில் நாமம் இட்டுக்கொள்வோம். தங்கைக்கு அம்மா இட்டுவிடுவாள். அன்று இட்டுவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, துடைத்துவிட்டு மறுபடியும் இட்டாள்.

“ஏட்டி, நேரா நில்லு.”

“நேராத்தான் நிக்கேன்.”

“பொறவு நாமம் ஏன் கோணலா இருக்கு?”

நாமம் கோணலாக இல்லை. நான் பக்கத்தில் நின்று கண்ணாடியில் பார்த்தேன். அந்த வெள்ளைக் கோட்டை மனதில் கீழே இழுத்துக்கொண்டு வந்தால் மூக்கு நுனியைத் தொட்டது, மேலுதட்டின் நடுவைத் தொட்டது, தாடையைத் தொடவில்லை. தாடை இடது பக்கமாக ஒதுங்கியிருந்தது. பல்லைக் கடிக்கச் சொன்னால் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் ஒரு பல் அளவு வித்தியாசம்.

“நாமத்துக்குத் தக்கன தாடைய வச்சாப் போச்சு” என்று சொல்லித் தங்கை கீழ்த்தாடையை வலதுபுறம் தள்ளிக்கொண்டு கண்ணை உருட்டினாள். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா திரும்பித் திரும்பித் தங்கையின் வாயைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தாடையைக் கண்டுபிடித்த நாங்கள் தோளைக் கண்டுபிடிக்கவில்லை. கண்ணில் படாமல் இல்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தங்கைக்கு இடது தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஆனால் அப்பாவுக்கும் அப்படித்தான். அஞ்சுகிராமத்தைச் சுற்றியுள்ள தோப்புகளில் வாழைக்குலை வெட்டி லாரிக்குச் சுமப்பது அப்பாவின் வேலை. இருபத்தைந்து வருடம் இடது தோளிலேயே குலை ஏற்றி ஏற்றி அந்தத் தோள் இறங்கிவிட்டது. சின்னவள் அப்பாவின் பக்கத்தில் நடந்து போனால் இரண்டு தோளும் ஒரே சாய்வில் போகும். எதிர்வீட்டு அத்தை ஒருநாள் வாசலில் நின்று சொன்னாள்:

“பாருங்கட்டி, ரெண்டு பேரும் ஒரே குலையைச் சொமக்காவ போல நடந்து வாராவ.”

அப்பாவுக்கு அதில் ஒரே பெருமை. “எனக்க மவளாக்கும். எனக்க நடை வராம யாருக்க நடை வரும்?” என்பார். மூத்தவளான நான் அம்மாவின் சாயல். அதனால் தனக்கென்று ஒரு பிள்ளை கிடைத்ததுபோல அந்தச் சாய்வைக் கொண்டாடினார். சுமந்து தேய்ந்த தோள் பிள்ளைக்கு எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் அப்போது விலங்கியல் இரண்டாம் ஆண்டு.

அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் குடும்பத்தில் முழுதாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்தான் முதல். அப்பா ஒப்பு, அதாவது கையெழுத்து, மட்டும் போடுவார். அம்மா வலைக்கம்பெனியில் நைலான் வலைக்குக் கண்ணி முடிகிறவள், மூன்றாம் வகுப்போடு சரி. ஐந்தாம் வகுப்பிலிருந்தே வீட்டுக்கு வரும் காகிதம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். மின்சார வாரியச் சீட்டு, ரேஷன் கடைக் குறுஞ்செய்தி, கம்பெனியில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கும் படிவம், கல்யாணப் பத்திரிகை. நான் வாசித்து இதுதான் என்று சொன்னால் அதுதான். “பிள்ள வாசிச்சாச்சு” என்று அப்பா சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. தெருவிலும் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் காகிதத்தோடு வருவார்கள். நான் அதை மிகவும் விரும்பினேன். இன்றைக்கும் அதில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

பள்ளியில் தங்கையைக் ‘கோணவாயி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள்தான். “எனக்க வாய் கோணல், உனக்க புத்தி கோணல், கம்பி போட்டா வாய் நிமிந்துரும்” என்று ஒருத்தியிடம் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள். ஆனால் சிரிக்கும்போது கையால் வாயை மூடப் பழகிக்கொண்டாள். வலது பக்கம் மட்டும்தான் மெல்லுவாள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் அவள் தட்டின் முன் உட்கார்ந்திருப்பாள்.

“பெம்பிள்ளைக்கு மொகம்லா மக்கா” என்றாள் அம்மா என்னிடம். “எனக்கு லீவு கிடைக்காது. நீ படிச்சவ. நீதான் பல் டாக்டர்ட்ட கொண்டு போணும்.”

ஒரு சனிக்கிழமை தங்கையை நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனேன். பல் மருத்துவர் ஒரு பெண், வயது முப்பதுக்குள் இருக்கும். வாயைத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார், கடிக்கச் சொன்னார். காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்தியபடி மெதுவாகத் திறந்து மூடச் சொன்னார். பிறகு தங்கையை நாற்காலியிலிருந்து இறக்கி நிற்க வைத்து, துப்பட்டாவை எடுக்கச் சொல்லிவிட்டு, பின்பக்கம் போய் நின்றுகொண்டார்.

“கால் ரெண்டையும் சேர்த்து வச்சு, முட்டி மடக்காம கீழ குனி. கை தரையத் தொடட்டும்.”

தங்கை குனிந்தாள். டாக்டர் அவள் முதுகை ஒட்டி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பார்த்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பல்லுக்கு வந்த பிள்ளையைத் தோப்புக்கரணம் போட வைப்பதுபோல இருந்தது.

“வீட்ல படிச்சவங்க யாராவது இருக்காங்களா?” என்று டாக்டர் நிமிராமலே கேட்டார்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். எண்ணெய் வைத்துச் சீவிய தலை, அம்மாவின் கம்பெனித் தோழி தைத்துத் தந்த சுடிதார், ரப்பர் செருப்பு. அவர் அதைப் பார்த்துக் கேட்டாரா, இல்லை எல்லோரிடமும் கேட்கிற கேள்வியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். விலங்கியல் படிக்கிறேன் என்றும், என்ன விஷயமாக இருந்தாலும் என்னிடம் சொல்லலாம் என்றும். குரல் தேவைக்கு மேலே போய்விட்டது. தங்கை குனிந்த நிலையிலேயே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் கோபப்படவில்லை. “நல்லதாப் போச்சு” என்று உட்காரச் சொல்லி விளக்கினார். முதுகெலும்பு ஒரு பக்கம் வளைந்தால் உடம்பு சும்மா இருக்காது. கண் இரண்டும் சமமாக நிற்க வேண்டும் என்று கழுத்து எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். கீழ்த்தாடை தலையோடு ஒட்டிய எலும்பு அல்ல, தசையில் தொங்குகிற எலும்பு. வளர்கிற வயதில் இழுக்கிற பக்கம் அது போகலாம்.

“இவளுக்கு முதுகாலதான் தாடை போயிருக்குன்னு நான் சொல்ல வரல. ரெண்டும் தனித்தனியாவும் வந்திருக்கலாம். ஆனா தாடை இப்படி ஒதுங்கின பிள்ளைங்கள நான் ஒருதடவை குனிய வச்சுப் பாத்துருவேன். இவ முதுகுல வலப்பக்கம் கொஞ்சம் ஏறித் தெரியுது. எலும்பு டாக்டர்கிட்ட ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. அது முடிஞ்சு வாங்க, கம்பி போடலாம்.”

ஒரு சீட்டில் எழுதி, மடித்து, உறையில் போடாமல் என் கையில் தந்தார். படித்தவள் என்பதால் உறை வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் தங்கை, பக்கத்தில் நான். செல்போனை எடுத்துத் தாடையையும் முதுகெலும்பு வளைவையும் சேர்த்துத் தேடினேன். ஆங்கிலத்தில் நிறைய வந்தது. எனக்கு வாசிக்க முடிந்தது, புரிந்தது, அதில் ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது. வளைந்த முதுகு உள்ள குழந்தைகளிடம் கடி சரியில்லாமல் இருப்பது அதிகம் என்று ஒரு இடத்தில் இருந்தது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று இன்னொரு இடத்தில் இருந்தது. ஆதாரம் இல்லை என்கிற வரியை நான் இரண்டு முறை வாசித்தேன்.

“அக்கா, அந்த டாக்டரு முதுகுண்ணு என்னமோ சொன்னாவளே?”

“அது ஒண்ணும் இல்ல. அவங்களுக்கே நிச்சயம் இல்ல.”

“நிச்சயம் இல்லேண்ணா பாக்காண்டாமா?”

“படிச்சது நானா, நீயா?”

“நீதான்” என்று சொல்லிவிட்டு அவள் வெளியே பார்த்துக்கொண்டாள்.

நான் வாசித்தது பொய்யல்ல. இன்று தேடினாலும் ஏறத்தாழ அதே வரிகள்தான் வருகின்றன. தாடைக்கும் முதுகுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியை நான் வாசித்தேன். என் தங்கையின் முதுகு வளைந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் செல்போனில் இல்லை. என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. இந்த வித்தியாசம் எனக்கு விளங்காத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. அந்தக் கேள்வி, ‘படிச்சவங்க யாராவது இருக்காங்களா’ என்ற கேள்வி, என் காதில் கிடந்தது. அவர் சொன்னது எதுவும் சரியாக இருக்கக் கூடாது என்று இருந்தது எனக்கு.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்: “கம்பி போட்டா சரியாயிரும்ணு சொன்னாவ. அங்க வேண்டாம், வேற இடத்துல போடலாம்.”

“நீ சொன்னாச் செரி” என்றாள் அம்மா. சீட்டு என் விலங்கியல் ரெக்கார்டு நோட்டுக்குள் போனது. இன்னொரு கிளினிக்கில் உட்கார வைத்து, குனியச் சொல்லாமல், அடுத்த வாரமே கம்பி போட்டார்கள்.

கம்பி வேலை செய்தது. மாதம் ஒருமுறை இறுக்கிவிட்டு வந்த அன்று கஞ்சி மட்டும் குடிப்பாள். பல் வரிசைக்கு வந்துகொண்டிருந்தது. “பாத்தியா?” என்று நான் அம்மாவிடம் காட்டுவேன். அந்த ஒரு வருடத்தில் அவள் பெரிய மனுஷியானாள், சட்டென்று உயர்ந்தாள். உயர உயரச் சாய்வும் கூடியது. எட்டாம் வகுப்புச் சீருடைக்கு அளவெடுத்த தையல்காரி, தைத்துக் கொடுத்தபோது என்னிடம் சொன்னாள்:

“பிள்ளைக்கு ஒரு பக்கம் தூக்கி நிக்கும்ணு நான் வலப்பக்கம் ரெண்டு விரல் எறக்கித் தச்சிருக்கேன் கேட்டியா. போட்டா இப்பம் கோணல் தெரியாது.”

தெரியவில்லை. நாங்கள் அவளுக்கு நன்றி சொன்னோம். அந்தச் சீருடையின் மேல் ஓவர்கோட்டும் போட்டுவிட்டால் தங்கை எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருந்தாள்.

அதன் பிறகு மூன்று மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, வீட்டுக்குப் பின்பக்கம் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தாள். சீயக்காய் போகவில்லை, வெள்ளம் கோரி ஊற்று என்று என்னைக் கூப்பிட்டாள். போனேன். முடியை முன்னால் தொங்கவிட்டு, இடுப்பை மடக்கிக் குனிந்து நின்றாள். நனைந்த பாவாடை முதுகோடு ஒட்டியிருந்தது.

முதுகின் வலப்பக்கம் மேடாக இருந்தது. இடப்பக்கம் தாழ்ந்து கிடந்தது. நடுவில் எலும்பு நேராகப் போகவில்லை, வலப்பக்கம் வளைந்து போய் இடுப்புக்கு மேலே திரும்பி வந்தது.

“ஊத்துக்கா. கண்ணுல எரியுது.”

நான் ஊற்றினேன். மறுபடி கோரி ஊற்றினேன். மேட்டில் பட்ட தண்ணீர் இடப்பக்கமாகவே வழிந்து போனது.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. அப்படியே நில்லு.”

“எவ்வளவு நேரம்தான் நிக்க?” என்று நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் எதுவும் தெரியவில்லை. முடியைப் பிழிந்துகொண்டு, தாழ்ந்த தோளோடு, அப்பாவின் பிள்ளையாக நின்றாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் வந்தாள். லீவு கேட்கவில்லை, வேலைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் இழுத்து, வளைவு ஐம்பது டிகிரியைத் தாண்டிவிட்டது என்றார். எங்கள் மூன்று பேரில் எக்ஸ்ரே என்னவென்று புரிந்தது எனக்கு மட்டும்தான். விலங்கியல் ஆய்வகத்தில் முதுகெலும்பை மேலிருந்து கீழ் எண்ணி எண்ணி வரைந்திருக்கிறேன். இது நான் வரைந்த எதைப்போலவும் இல்லை.

“ஒரு வருஷம் முன்னால வந்திருந்தா பெல்ட் போட்டு நிறுத்திப் பாத்திருக்கலாம்” என்றார். “நிச்சயமா நின்னிருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா அதுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. இப்ப வளர்ச்சி முக்காவாசி முடிஞ்சுபோச்சு. ஆபரேஷன்தான்.” பிறகு தங்கையைப் பார்த்துச் சிரித்தார். “பல்லுக்குக் கம்பி போட்டிருக்கியே, பல் டாக்டர் யாரும் முதுகப் பத்தி ஒண்ணும் சொல்லலியா? குனிய வச்சுப் பாக்கலியா?”

தங்கை பதில் சொல்வதற்கு முன் அம்மா சொன்னாள்:

“எங்களுக்கு யாரு சார் சொல்லுவா? சொல்லியிருந்தா விட்டிருப்பமா? இந்தா நிக்காளே, எனக்க மூத்தவ, படிச்சவளாக்கும். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அண்ணைக்கே கொண்டுவந்திருப்பா.”

டாக்டர் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

“இல்ல சார்” என்றாள். “யாரும் குனியச் சொல்லேல்ல.”

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். அம்மா மருந்துச் சீட்டை வாங்கி என் கையில் தந்தாள், வழக்கம்போல.

அம்மா கழிவறைக்குப் போன நேரத்தில் வராந்தா பெஞ்சில் தங்கையிடம் கேட்டேன்.

“ஏன் பொய் சொன்ன?”

“நீ ஏன் சொல்லாம இருந்த?”

அவள் கம்பியை நாக்கால் தடவிக்கொண்டாள்.

“அண்ணைக்கு நீ வேண்டாம்ணு சொன்னப்பம் எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துது. ஆம்பள டாக்டர் முன்னால சட்டையக் கழத்தணுமேண்ணு பயந்துக்கிட்டு கெடந்தேன். பொறவு, இப்பம் நான் சொன்னா அம்மா உன்னய நம்பாது. அப்பாவும் நம்ப மாட்டாவ. எனக்கு ஆபரேசன்லா அக்கா. பேப்பர் எல்லாம் யாரு வாசிப்பா?”

பதின்மூன்று வயதுப் பிள்ளை இப்படிக் கணக்குப் போட்டிருந்தாள். என்மேல் உள்ள பாசத்தால் பொய் சொன்னாள் என்று கேட்கத்தான் நான் ஆசைப்பட்டேன். அவளுக்கு என் தேவை இருந்தது. தன் முதுகைக் கெடுத்தவளிடம்தான் தன் முதுகைக் கொடுக்க வேண்டியிருந்தது.

கோடை விடுமுறையில் நாள் குறித்தார்கள். அதுவரை நான் இரண்டு வேலை செய்தேன். ஆபரேஷனைப் பற்றி வாசிக்கக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பிறகு அதைக் குறிப்பெழுதி, ஒரு காகிதத்தில் கேள்விகளாக்கி, ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டரிடம் கேட்டேன். ‘எனக்குப் புரியல, திரும்பச் சொல்லுங்க’ என்று சொல்ல அப்போதுதான் கற்றுக்கொண்டேன். கல்லூரியில் மூன்று வருடமும் அந்த வாக்கியத்தை நான் சொன்னதில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மத்தியானம் நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தார். ஆங்கிலம். தங்கையை ரத்தம் எடுக்க அழைத்துப் போயிருந்தார்கள். காலியான கட்டிலில் அப்பாவும் அம்மாவும், எதிரில் ஸ்டூலில் நான். அப்பா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

“வாசிக்காண்டாம் மக்கா. எங்க ஒப்பு போடணும்ணு சொல்லு, போதும்.”

“இல்லப்பா, வாசிக்கேன். கேளுங்க.”

ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். எலும்பில் திருகாணி வைப்பார்கள், கம்பி வைப்பார்கள். ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். நரம்பு பாதிக்கலாம், கால் அசையாமல் போகவும் ஆயிரத்தில் ஒன்று போல வாய்ப்பு உண்டு. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முடித்துவிட்டு, ரெக்கார்டு நோட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சீட்டை எடுத்தேன்.

“இதையும் வாசிக்கணும்.”

“இது என்னது?”

வாசித்தேன். பல் டாக்டர் எழுதிய நான்கு வரி. எந்த மாதம் எழுதியது என்றும் சொன்னேன். யாரிடம் தந்தார், அது எங்கே இருந்தது, நான் வீட்டில் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் கேட்ட அந்தக் கேள்வியைச் சொல்லவில்லை. சொன்னால் காரணம் சொல்வதுபோல இருக்கும்.

அம்மாவுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும், “அவளுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியும்.”

“அண்ணைக்கு டாக்டர் கேட்டப்பமும்?”

“ம்.”

அம்மா என்னை அடித்திருக்கலாம். சின்ன வயதில் அடித்திருக்கிறாள், வலை முடியும் கை, வலிக்கும். அவள் என் கையிலிருந்த சீட்டை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா தன் இடது தோளை வலது கையால் தடவினார். பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எங்க போடணும், காட்டு.”

காட்டினேன். அப்பாவுக்கு ஒப்பு போட எப்போதும் நேரமாகும். அன்று இன்னும் நேரமானது. போட்டு முடித்து, பேனாவை மூடி, “என்னய மாதிரி நடக்காண்ணு சொல்லிக்கிட்டு நானும்லா இருந்தேன்” என்றார். அதை என்னிடம் சொன்னாரா அம்மாவிடம் சொன்னாரா தெரியவில்லை. அதற்குப் பிறகு தங்கையின் நடையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கால் அசைந்தது. முதல்முறை எழுந்து நின்றபோது என் உதட்டளவு இருந்தவள் என் மூக்களவு வந்திருந்தாள். “உனக்க உயரத்த நான் பிடிச்சிருவேன்” என்று வலியோடு சிரித்தாள். தாடை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. முதுகு நிமிர்ந்தால் தாடையும் வந்துவிடும் என்று அம்மா நினைத்திருந்தாள். வரவில்லை. அது எதனால் போனது என்று எங்களுக்கு யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. இப்போது அவள் பிளஸ் டூ. தரையில் ஏதாவது விழுந்தால் முதுகை மடக்க முடியாது, இடுப்பிலிருந்து ஒரே துண்டாகக் குனிந்துதான் எடுப்பாள். அப்படிக் குனிந்து கால் நகம் வெட்டச் சிரமம். நான் வெட்டிவிடுவேன்.

நான் இப்போது ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். உடற்பயிற்சி வகுப்பில் பிள்ளைகளைக் குனியச் சொல்லும்போது ஆசிரியைகளில் நான் மட்டும் பின்பக்கம் போய் நிற்பேன். இதுவரை ஒரு பிள்ளையின் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியாது.

தங்கை டிஸ்சார்ஜ் ஆகி வந்த அந்த முதல் வாரம், வீட்டில் வைத்து மருந்துச் சீட்டை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். காலையில் இது ஒன்று, இரவில் இது ஒன்று, வலித்தால் மட்டும் இது. அம்மா கவனமாகக் கேட்டாள். பிறகு இருவரும் மருந்து வாங்க அஞ்சுகிராமம் போனோம். மருந்துக்கடைக்காரர் மாத்திரைகளை எடுத்து வைத்தார். அம்மா சீட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

“இதுல என்ன எழுதியிருக்குண்ணு ஒரு தடவ சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். என்னை அவருக்குத் தெரியும். காகிதம் வாசிக்கிற பிள்ளை என்று தெருவுக்கே தெரியும். பிறகு குனிந்து வாசித்தார். காலையில் இது ஒன்று, இரவில் இது ஒன்று, வலித்தால் மட்டும் இது. நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றுதான்.

“செரி” என்றாள் அம்மா. சீட்டை மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். நான் மருந்துப் பையை எடுத்துக்கொண்டேன். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றோம்.